மூன்று சிரட்டை உப்பு

வாய் நிறையக் கல்லுப்பு. விழுங்க முடியவில்லை. துப்பினால் கம்பு முதுகில் இறங்கும்.

என்னைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எதிரே நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் மாடு ஓட்டும் கம்பு. அதன் நுனியில் இருந்த பித்தளைப் பூண் காலை வெயிலில் மின்னியது. அதையே பார்த்துக்கொண்டு மென்றேன்.

“நல்லா மெல்லுடா. அம்புட்டும் உள்ள எறங்கணும்.”

“அண்ணே, சிரட்டையில இன்னுங் கொஞ்சம் கெடக்கு,” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“குடு அவன்கிட்ட. மிச்சம் வைக்கப்படாது.”

போடிநாயக்கனூர்ச் சந்தைக்குப் பின்புறம், ஜெர்மன் சண்டைக்கு இரண்டு மூன்று வருடம் முந்திய ஒரு புரட்டாசி மாதத்தில் நடந்தது இது. நான் அங்கே திருடப் போகவில்லை. குடும்பத்தோடு குடியிருக்க ஒரு வீடு வாங்கலாமா என்று பார்க்கப் போயிருந்தேன். வீடு பார்க்கப் போனவன் உப்புத் தின்றது எப்படி என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மலையை விட்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதையும், போடிமெட்டு ஏற்றத்தில் பொதிமாடு ஓட்டியதையும் முந்திய வாரங்களில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் ஏலத்தோட்டங்களில் கழிந்தது. ஒரே தோட்டத்தில் அல்ல. ஒரு மலையில் இருக்கும்போது அடுத்த மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தோன்றிவிடும். தோன்றினால் போய்விடுவேன். கல்யாணமான பிறகு என் மனைவி சிலம்பாயியும் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். ஆறு வருடத்தில் ஐந்து குடிசை மாறினோம்.

எங்கள் மூத்த பையனுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் அவனைக் குடிசைக்குப் பின்னால் புதைத்தோம். அடுத்த வாரம் காய் பறிக்கப் போனோம். அந்தக் காலத்தில் மலையில் பல குடிசைகளுக்குப் பின்னால் அப்படி ஒரு சின்ன மண்மேடு இருக்கும்.

பிறகு பவளம் பிறந்தாள். மூன்று வயதில் அவளுக்கும் அதே காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிப்பொழுதில் குளிர் எடுக்கும். மூன்று கம்பளி போட்டாலும் நடுக்கம் நிற்காது. வயிறு பானைபோல உப்பிக் கையும் காலும் குச்சியாகிவிட்டன. அழக்கூடத் தெம்பில்லை. வாயைத் திறப்பாள், சத்தம் வராது. பக்கத்துக் குடிசையில் இருந்த மலையாளத்துக்காரி தினமும் வந்து, “மோளே, மோளே” என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். குழந்தை கண்ணைத் திறந்தால்தான் தன் வேலைக்குப் போவாள்.

மலையடிவாரத்தில், தேவாரம் என்ற ஊரில் ஒரு வைத்தியர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அவர் குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். கஷாயம் எழுதிக் கொடுத்தார். தபால் ஆபீசில் விற்கும் கொய்னா என்ற கசப்பு மருந்துப் பொட்டலத்தையும் கொடுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, “மருந்து பாதிதான் அப்பு. இன்னொரு அடமழைக்கு ஈரத்துல கெடந்தா இந்தப் புள்ள தாங்காது. ஐப்பசிக்குள்ள காஞ்ச எடமாப் பாத்து ஒக்காரு,” என்றார்.

கொசுதான் காரணம் என்பது பல வருடம் கழித்தே எனக்குத் தெரியும். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஈரம்தான் காய்ச்சல் என்று மலையில் எல்லாரும் நம்பினோம்.

சிலம்பாயியின் அண்ணன் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் விவசாயம் பார்த்தார். அவர் வீட்டில் இறங்கினோம். அங்கேயே தங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரே அறை வீடு. வாய்க்கால் சுவரை ஒட்டியே ஓடியது. தவிர, ஒரே வயலைச் சுற்றி வருவது எனக்கு ஆகாது. போடி என்றால் ஏலக்காய்ச் சோலி எப்போதும் கிடைக்கும். எங்களிடம் இருந்ததைக் கொண்டு ஒரு வீடு வாங்கலாம். அது தப்பாகப் போனால் இன்னொன்று வாங்க முடியாது. ஐப்பசிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

சங்கிலி காட்டிய இடங்கள்

போடி அப்போது வெளியே பரவத் தொடங்கியிருந்தது. ஏலக்காய் வியாபாரம் ஏற ஏற, ஊருக்குள் இடம் போதவில்லை. ஊருக்குள் எந்தத் தெருவில் யார் குடியிருப்பது என்பது நான் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். அங்கே நான் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட தெருக்களில்தான் அவ்வளவாகக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வீட்டுத் தரகர் ஒருவர் இருந்தார். சங்கிலி என்று பெயர். எப்போதும் வேகமாக நடப்பார். பின்னால் திரும்பிப் பார்க்காமலே பேசுவார்.

“மூணு எடம் இருக்குண்ணே. ஒண்ணு ஆத்தோரத் தோப்பு. ஒண்ணு சந்தைக்குப் பின்னாடி. ஒண்ணு தேவாரம் போற பாதையில மேட்டுத் தெரு. மூணாவதப் பாக்க வேண்டியதில்ல.”

“ஏன்?”

“மேல்காத்து அடிச்சா கூரையப் பக்கத்தூரு பொட்டிபுரத்துல போயித் தேடணும்.”

ஆற்றோரத் தோப்புக்கு முதலில் போனோம். போனதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. உயரமான மாமரங்கள், புளிய மரங்கள். நடுவில் கல் சுவர் வைத்த வீடு. வெயில் இலைகளுக்குள் புகுந்து காசு காசாகத் தரையில் கிடந்தது. குனிந்து மண்ணை அள்ளினேன். கறுத்த மண். உதிர்ந்த இலை மக்கி மெத்தைபோல இருந்தது. பிடித்தால் பிடி நிற்கிறது, விட்டால் உதிர்கிறது. மூக்கருகே வைத்து முகர்ந்தேன். அந்த வாசனையில் மனம் நிறைந்துவிட்டது.

“இதுதான் சங்கிலி. வேற பாக்கவே வேணாம்.”

“கைராசியான ஆளுண்ணே நீங்க,” என்றார் அவர். வெற்றிலையை எடுத்து நீட்டிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து முதலாளி ஒருவருக்காகப் புது இடம் தேடி ஒரு கோடை முழுக்க நான் காட்டில் அலைந்திருக்கிறேன். என் வாழ்நாளில் மிகவும் சந்தோஷமாக இருந்த கோடை அதுதான். காலையில் கிளம்பி, எந்தச் சரிவில் ஊற்று இருக்கிறது, எங்கே நிழல் கலையாமல் நிற்கிறது, எந்த மண் விரலில் ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே போவது. நான் கை காட்டிய இடத்தில் ஏலம் வைத்தால் மூன்றாம் வருடம் சரம் சரமாகக் காய்க்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரில் எனக்குக் கர்வமும் உண்டு.

மறுநாள் சிலம்பாயியைத் தோப்புக்குக் கூட்டிப்போனேன். பவளம் அவள் தோளில் கிடந்தாள். சிலம்பாயி வீட்டுக்குள்ளே போகவே இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கையில் பச்சையாகப் பாசி.

“ஏய்யா, இது யாருக்குப் பாத்த எடம்?”

“நமக்குத்தான். ஏன்? எம்புட்டுக் குளுச்சியா இருக்கு பாரு.”

“குளுச்சிதான். நெழலு, ஊத்து, மக்குன மண்ணு. ஏலத்தட்டை வச்சா பிச்சுக்கிட்டு வரும்.” பாசியைச் சேலையில் துடைத்தாள். “செடிக்கு எடம் பாத்திருக்கீக. மனுசருக்குப் பாக்கலியே.”

எட்டு வருடம் ஏலத்துக்கு இடம் பார்த்த கண், தனக்குத் தெரிந்ததைத்தான் பார்த்திருந்தது. ஐந்து குடிசைகளையும் நான்தான் இடம் பார்த்துப் போட்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்தும் நிழலில், ஊற்றுக்குப் பக்கத்தில்.

சிலம்பாயி அதைச் சொல்லிக்காட்டவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

உப்பு வைத்தோம்

யோசனை அவளுடையது. மலையில் உப்பை அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்போம். கீழே வைத்தால் நாலு நாளில் தண்ணீராகிவிடும்.

“உங்க மூக்கும் கண்ணும் மலையிலயே ஊறிப்போச்சு. உப்பக் கேப்போம்,” என்றாள்.

மூன்று சிரட்டைகளில் ஒவ்வொரு கை கல்லுப்பு. மத்தியானம் கொண்டுபோய் மூன்று இடங்களிலும் விலைக்கு வரும் வீட்டின் சுவரோரம் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும். எது காய்ந்திருக்கிறதோ அந்த இடம். எனக்கே பிடித்துப்போயிற்று. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துச் செய்து பார்ப்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை.

உப்பைக் கண்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. பக்கத்துக் குடிசைக்கு ஒரு கூப்பிடு தூரம் இருந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு அது தோன்றாது.

மறுநாள் காலை முதலில் தோப்புக்குப் போனோம். சிரட்டையில் உப்பே இல்லை. அரைச் சிரட்டைத் தண்ணீர் நின்றது. அதில் ஒரு மரவட்டை செத்து மிதந்தது. சிலம்பாயி அதை என் முகத்துக்கு நேரே ஒரு தரம் காட்டிவிட்டுக் கீழே ஊற்றினாள்.

“நான் புள்ளைய வச்சுக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போறேன். நீங்க சந்தைப்பக்கம் பாத்துட்டு வெரசா வாங்க.”

அப்படித்தான் சந்தைக்குப் பின்னால் தனியாகப் போய் மாட்டினேன்.

சுவரோரம் உப்புச் சிரட்டையைக் கண்டதும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று தெருவே விடியற்காலையிலிருந்து கூடி நின்றிருக்கிறது. ஒருவரும் அதைத் தொடவில்லை. வைத்தவன் எப்படியும் பார்க்க வருவான் என்று காத்திருந்தார்கள். நான் நேரே போய்க் குனிந்து சிரட்டையை எடுத்தேன்.

“செய்வினை இல்லண்ணே. வெறும் உப்பு. சாப்பாட்டு உப்பு.”

“சாப்பாட்டு உப்பா?” கம்புக்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “அப்பச் சாப்பிடு.”

சாப்பிட்டேன். கடைசிக் கல்லும் உள்ளே போகும்வரை யாரும் நகரவில்லை. நாக்கு தோல்போல ஆகிவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் விழுந்து சாகிறேனா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள். சாகவில்லை என்றதும் கம்புக்காரருக்கு என்மீது அக்கறை வந்துவிட்டது.

“சரி, எதுக்குய்யா வச்ச?”

சொன்னேன்.

“அட, வீடு பாக்க வந்தீகளா! மொதல்லயே சொல்றதுக்கென்ன? அருமையான எடம்ய்யா. சந்தை பக்கம். அக்கம் பக்கமெல்லாம் தங்கமான சனம். யோசிக்காம வாங்குங்க.”

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமாண்ணே?”

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒருவர் மாட்டை அவிழ்க்கப் போனார். சிரட்டையை எடுத்துக் கொடுத்த பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் ஒன்று. அந்த உப்பு காய்ந்து கலகலவென்று இருந்தது. கல்லுக் கல்லாகக் கடித்தவன் நான். ஈரம் துளிகூட இல்லை. அந்த இடத்துக்கு என் பல்லே சாட்சி.

மேட்டுத் தெரு

மேட்டுத் தெருவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. தெரு என்பது பேருக்குத்தான். ஏழெட்டு வீடுகள், சுண்ணாம்புக் கல், ஒரு உடைமுள் புதர், மேலே வெறும் வானம். காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. கொழும்புக்குப் போன ஒருவன் பாதியில் விட்டுப்போன வீடு விலைக்கு இருந்தது. அதன் சுவரோரம் சிரட்டை இல்லை. சிலம்பாயியும் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து பொரி வறுக்கும் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். பெரிய அடுப்பு. அடுப்புக்கு முன்னால் சூட்டுத் தழும்பு ஏறிய கைகளோடு ஒரு பெண் உட்கார்ந்து, சட்டியில் சுடுமணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். குருவம்மா என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. அவளுக்கு எதிரே சிலம்பாயி. பவளம் கையில் நாலு பொரி.

நான் வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. கையால் சைகை காட்டினேன்.

குருவம்மா யார், எந்த ஊர் என்று கேட்கவில்லை. பழைய சோற்று நீச்சத்தண்ணி இருந்த செம்பை அப்படியே நீட்டினாள். குடித்தேன். மறுபடி ஊற்றினாள். குடித்தேன்.

“என்னய்யா இது, உப்பு நக்குன மாடு மாதிரிக் குடிக்கிற?”

“உப்புத்தான் தின்னேன்.”

நடந்ததைச் சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிலம்பாயியும் சிரித்தாள். பையனைப் புதைத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. இரண்டு பேர் சிரிப்பதைப் பார்த்துப் பவளம் என்னைப் பார்த்தாள்.

“நம்ம சிரட்டை எங்க?” என்று கேட்டேன்.

சிலம்பாயி அடுப்பு மேடையைக் காட்டினாள். அங்கே உப்பு வெதுவெதுவென்று காய்ந்துகொண்டிருந்தது.

“பொழுது சாய இங்கிட்டு மட்டும் ஒரு தூத்தல் போட்டுச்சு,” என்றாள் குருவம்மா. “யாரு வச்சதுன்னு தெரியல. எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டாகளோ, நனஞ்சு போச்சுன்னா பாவமில்லையான்னு தூக்கியாந்து அடுப்போரம் வச்சேன். தப்பா ஆத்தா?”

சோதனை கெட்டுவிட்டது. அந்த மண்ணில் ஈரம் ஏறுமா ஏறாதா என்பது எங்களுக்குத் தெரியாமலே போனது. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்றேன். சிலம்பாயி வேண்டாம், இந்த வீட்டையே வாங்குவோம் என்றாள்.

ராசிங்காபுரத்துக்குத் திரும்பும் பாதையில் சண்டை போட்டோம்.

“சந்தைப்பக்கம் காஞ்சு கெடக்கு. என் வாயே சாட்சி. வைத்தியர் காஞ்ச எடம்னுதான சொன்னாரு? மேட்டுல எப்பிடின்னு ஒண்ணுமே தெரியாதே.”

“தெரியாதுதான்.”

“புள்ள உசுரு, சிலம்பாயி.”

“அதுக்குத்தான் சொல்றேன். நீங்க வேலை வேலைன்னு மலையேறிருவீக. புள்ளைக்குக் குளிரு எடுக்கும். நான் ஒத்தையில கெடப்பேன். கதவத் தட்டுனா தெறக்குற வீடு ஒண்ணாவது வேணும்ல?” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “சரி, உங்க கண்ணுக்கே வர்றேன். அந்த மேட்டுல ஏலம் வச்சா பொழைக்குமா?” என்று கேட்டாள்.

“ஒரு கோடை தாங்காது.”

“பெறகென்ன?”

மச்சானுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே, “வாங்க மாப்ளே, சந்தைப்பக்கம் விருந்தாமே! சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சா?” என்றார். அடுத்த பத்து வருடம் அவர் வீட்டில் எனக்கு இலை போடும்போதெல்லாம் இதைக் கேட்டார்.

ஐப்பசி

மேட்டு வீட்டை வாங்கினோம். கூரை வேய்ந்து முடித்த நாலாம் நாள் மழை பிடித்தது. ஆறாம் நாள் பவளத்துக்குக் குளிர் எடுத்தது. மலையில் எடுத்ததைவிட அதிகமாக.

நான் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமாகத்தான் இருந்தது. மழையில் எந்த மண் தரைதான் ஈரமாக இராது? ஆனால் எனக்கு அப்போது அது தோன்றவில்லை. சந்தைப்பக்கத்து உப்புதான் வாயில் கரித்தது. சிலம்பாயி என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

குருவம்மா கூரை ஒழுக்கைத் தாண்டித் தாண்டி வந்தாள். “புள்ளைய இங்க கொண்டா. மணலு இன்னும் சூடா இருக்கு.”

வறுத்த மணலைச் சாக்கில் கட்டி, அதன்மேல் கம்பளி விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். மாதம் முழுக்க, குளிர் எடுக்கும் நாளெல்லாம் பவளம் அந்த அடுப்போரம் கிடந்தாள். கொய்னாவைப் பொரியுருண்டைக்குள் வைத்து ஏமாற்றிக் கொடுத்ததும் குருவம்மாதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த காய்ச்சல், கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஆனது. மார்கழி முழுக்க இரண்டே முறைதான் வந்தது.

தையில் மலைக்குப் போய் வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு இறங்கும்போது, ஒரு ஏலத்தட்டையை வேரோடு பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன். கொல்லையில் நட்டேன். எதற்கு என்று சிலம்பாயி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். உப்பு சொல்லாமல் விட்டதைச் செடி சொல்லட்டும் என்று நினைத்தேன். அது தழைத்தால் இந்த வீட்டை விற்றுவிட வேண்டும்.

ஒரு செடியை இப்படி யாரும் காத்துக் கிடந்து பார்த்திருக்கமாட்டார்கள். காலையில் எழுந்ததும் நான் போய்ப் பார்ப்பேன். எனக்கு முன்பே சிலம்பாயி நின்றுகொண்டிருப்பாள். மாசியில் ஒரு குருத்து விட்டது. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் பவளத்துக்கு அந்தச் செடியைப் பிடித்துப்போயிற்று. அவள் பிறந்து வளர்ந்த இடத்துச் செடி அல்லவா? எங்களுக்குத் தெரியாமல் ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள். அது குருவம்மா அடுப்பில் காய்ந்த அதே உப்புச் சிரட்டை.

தண்ணீர் ஊற்றியும் செடி நிற்கவில்லை. பங்குனிக் காற்றில் இலை நுனி பழுத்தது. பிறகு நடு நரம்பு. ஒரு காலையில் தட்டை முழுதும் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்தது. நான் குனிந்து பிடுங்கினேன். வேரில் ஒட்டியிருந்த மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பவளம் ஓடிவந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து, காலை உதறி, தொண்டை கிழிய அழத் தொடங்கினாள். அவளுக்கு அவ்வளவு குரல் இருந்தது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாலு வீடு தள்ளி நாய் குரைத்தது.

பொரிக் கரண்டியோடு குருவம்மா ஓடிவந்தாள். “என்னாத்தா? என்ன ஆச்சு புள்ளைக்கு? எதுக்கு இம்புட்டு அழுகை?”

நான் பவளத்தைத் தூக்கப் போனேன். சிலம்பாயி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தூக்காதீக,” என்றாள். “இன்னுங் கொஞ்சம் அழட்டும். கேட்டுக்கிர்றேன்.”